ஆயுத பூஜையில் ஒரு ரெக்கோட் பிளேயர்

ஓப்பநாயக்கவில் அழகமுத்துவின் வீட்டில் அவர், அவர் மனைவி புஷ்பவதி, ஒரு ஜப்பான்காரர் என மூன்று பேர் இருந்தார்கள். மூவரிலும் மரியாதை கூடியவர் ஜப்பான்காரர்தான். அவர் பாடும்போது மற்ற இருவரும் மூச்சைக்கூட முறை வைத்துத்தான் விட வேண்டும். அவருக்கு வெயில் ஆகாது, தூசு ஆகாது, ஈரம் ஆகவே ஆகாது. வருடத்தில் பாதி நாள் தகரக் கூரையில் மழை தாளம் போடும் சப்பிரகமுவவில் இப்படியொருவரை வைத்துப் பராமரிப்பது, கடலுக்குள் உப்பு மூட்டையை நனையாமல் காப்பதற்குச் சமம்.

ஜப்பான்காரர் என்றது ஒரு பழைய ரெக்கோட் பிளேயரைத்தான். சும்மா ரெக்கோட் பிளேயர் என்று சொன்னால் அழகமுத்துவுக்கு முகம் சுருங்கிவிடும். “டைரக்ட் டிரைவ்” என்று முழுப் பெயர் சொல்ல வேண்டும். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் தலையிலேயே தட்டு நேராக உட்கார்ந்து சுற்றும். இந்த ஒரு விஷயத்தை அவர் காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனுக்கும், கொசு மருந்து அடிக்க வந்தவர்களுக்கும் விளக்கியிருக்கிறார். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த கூட்டமொன்று பெல்ட்டின் தீமைகளைப் பாதிவரை கேட்டுவிட்டு, இந்த வீட்டு வாக்கு நமக்கு வேண்டாம் என்று படலையைச் சாத்திக்கொண்டு போனது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராகக் காலம் கழித்தவர். அங்கே கொழுந்து அரைக்கும் ரோலர்கள் எல்லாம் பெல்ட்டில்தான் ஓடின. கொழுந்து மலையாகக் குவிந்து கிடக்கிற நாளாகப் பார்த்துத்தான் பெல்ட் அறும். பெல்ட் அறுந்தால் தோட்டத்துத் துரையின் வாயும் அறுந்துவிடும். அதனால், பென்சன் எடுத்த கையோடு மாவனல்லைக்குப் போனவரிடம், ஜப்பானின் பழைய சாமான்களை இறக்கி விற்கும் லாபிர், “ஐயா, இதுக்கு பெல்ட்டே இல்ல” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அழகமுத்து அங்கேயே விழுந்துவிட்டார்.

“ஒண்டு மட்டும் கவனம் ஐயா,” என்றார் லாபிர், பெட்டியை வேனில் ஏற்றும்போது. “இது நூறு வோல்ட் சாமான். நம்மட கரண்ட்ல நேரா சொருகினா அந்த எடத்துலயே மௌத்தாப் போயிரும்.”

ஆகவே கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்போமர் பெட்டியும் கூடவே வந்தது. ஜப்பான்காரர் தனக்கென்று ஒரு சமையல்காரனையும் அழைத்து வந்த மாதிரி.

பராமரிப்பு என்றால் அப்படியொரு பராமரிப்பு. காலையில் சாமி படத்துக்குப் பூ வைக்கும் முன் தட்டு துடைக்கப்படும். ஊசியை மெல்லிய தூரிகையால் பின்னாலிருந்து முன்னாலே மட்டும் தடவ வேண்டும். மாற்றித் தடவினால் ஊசி கோபித்துக்கொள்ளும். ஊசி இசைத்தட்டை எவ்வளவு பாரத்தில் அழுத்துகிறது என்று பார்க்க, தேயிலை ருசி பார்ப்பதற்கு அளக்கும் குட்டித் தராசைத் தொழிற்சாலையில் கெஞ்சிக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். தட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் உண்டு. பக்கத்திலிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கின் ஒளியில், வேகம் சரியாக இருந்தால் சுற்றுகிற புள்ளிகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அழகமுத்து ஒரு பகல் பொழுதை ஓட்டிவிடுவார். பாட்டு அவருக்கு இரண்டாம் பட்சம்.

இவ்வளவு சீரும் சிறப்பும் நடந்ததில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது கிரைண்டர். மாவாட்டும் கல் சுற்றினால் தரை அதிரும், அதிர்வு ஊசியில் ஏறும், ஸ்பீக்கரில் உறுமும் என்று கண்டுபிடித்து, ஹோலிலிருந்து அதைத் தூக்கிப் பின் விறாந்தையில் போட்டார். அன்றிலிருந்து புஷ்பவதி ஒரு கையில் குடையும் மறு கையில் உளுந்துமாக நின்று மாவாட்டினாள். தோசையில் மழைத் தண்ணீரின் ருசி இருப்பதாக அவரே ஒருமுறை குறை சொன்னார். அந்தத் தோசையை அவள் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

புரட்டாதி பிறந்து மழை வலுத்ததும் அவள் பொறுமையும் முடிந்தது.

“இந்தாங்க, ஒன்னு சொல்றேன் கேளுங்க. ஆயுத பூசைக்கி கிளாக்கரண்ணன் சாப்பிட வாறாரு. அவருக்கு முன்னுக்கு ஒங்க பெட்டி ஒரு பக்கம் முழுசா, தாவாம பாடணும். அவரு வாயால நல்லாருக்குன்னு சொல்லணும். சொல்லிட்டாருன்னா நான் மழையிலயே அரைக்கிறேன். இல்லாட்டி கிரைண்டர் உள்ளுக்கு, ஒங்க பெட்டி பின்னுக்கு.”

“பின்னுக்கா? சாரல் பட்டா அது ஒரு மாசம் தாங்காது புள்ள!”

“நான் தாங்குறேனே.”

கிளாக்கரண்ணன் என்பது கிருஷ்ணகுமார், தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதையும் நல்லாருக்கு என்று சொன்னதாகத் தோட்டத்துச் சரித்திரத்திலேயே கிடையாது. தன் கல்யாணப் படத்தைப் பார்த்து, மாலை கோணலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர். அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டை எடுப்பதைவிடக் கருங்கல்லில் பால் கறப்பது சுலபம்.

பூஜைக்கு முந்திய நாட்களில் அழகமுத்து மேசைக்கால்களுக்கு அட்டை வைத்து மட்டம் பார்த்தார், மோட்டாரின் தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், இருப்பதிலேயே கீறல் இல்லாத நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் குளிப்பாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பூஜையன்று காலையில்தான் அவருக்குள் ராஜமரியாதை என்ற பேய் புகுந்தது.

புஷ்பவதி ஹோலில் கோலம் போட்டு ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, தையல் மெசின், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பின் விறாந்தையிலிருந்து தூக்கி வந்த கிரைண்டர். கிரைண்டருக்கு மாலை வேறு.

“என்ன புள்ள இது? மாவு அரைக்கிற கல்லுக்கு மாலை. என் மெசினுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லையா?”

“அதையும் பூசையில வைக்கணுமா?”

“பின்ன? நடுவுல வை. இந்த வீட்டுலயே அதான் பெரிய மெசின்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இதுல யோசிக்க என்னா இருக்கு?”

புஷ்பவதி சந்தனத்தைக் குழைத்தாள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் ஜப்பான்காரருக்கு அபிஷேகம் முடிந்திருந்தது. ஊசியைத் தாங்கும் கை முழுக்கச் சந்தனம், தட்டின் ஓரப் புள்ளிகள் மேலெல்லாம் குங்குமம், நான்கு காலுக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம், லொறிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி. ஊசியின் நுனியில் கடுகளவு சந்தனப் பொட்டு. ஊசியும் ஆயுதம்தானே, அதை மட்டும் விடலாமா என்று நினைத்திருப்பாள். அழகமுத்துவுக்குக் கண் இருட்டியது. ஆனாலும் கற்பூரம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிருஷ்ணகுமார் வந்தார். வடை சாப்பிட்டார், உப்புக் குறைவு என்றார். பாயாசம் குடித்தார், இனிப்புக் கூட என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“எங்க டீமேக்கரய்யா, ஒங்க ஜப்பான்காரன பாடச் சொல்லுங்க பார்ப்பம்.”

அழகமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். தூரிகையோடு கையை நீட்டியதுதான் தாமதம்.

“தொடாதீங்க!”

“என்ன புள்ள?”

“பூசையில வச்ச ஆயுதத்த நாளைக்கு காலையில எடுக்கிற வரைக்கும் தொடலாமா? கத்திய தொட்டேனா நான்? மாவக்கூட நேத்தே அரைச்சு வச்சுட்டேன். நடுவுல வைக்கச் சொன்னது யாரு?”

பெட்டியை நடுவில் வைக்கச் சொன்ன வாயை அழகமுத்து உள்ளுக்குள் ஆயிரம் அறை அறைந்தார். கிருஷ்ணகுமாருக்கோ பாயாசத்தைவிட இது இனித்தது.

“தங்கச்சி சொல்றது சரிதானே? ஆயுதம்னா ஆயுதம்தான்.”

“அய்யோ அனே, கிளாக்கரய்யா, இது ஆயுதமே இல்லீங்க! கத்தி வெட்டும், மம்பட்டி கொத்தும். இது என்ன வேல செய்யுது? ஒரு வேலையும் செய்யல!”

“அதத்தானே நான் இவ்வளவு நாளா சொல்றேன்,” என்றாள் புஷ்பவதி. “ஒரு வேலையும் செய்யாத சாமானுக்கு ஹோல்ல என்ன எடம்?”

அழகமுத்து தூரிகையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே மழை கொட்டியது. பின் விறாந்தைப் பக்கம் பார்த்தார். சிமெந்துத் தரையில் சாரல் தெறித்துத் தெறித்து, கிரைண்டர் நின்ற இடம் மட்டும் பாசி பிடிக்காமல் வட்டமாக வெளுத்திருந்தது. அந்த வட்டத்தில் தன் ஜப்பான்காரர் நனைந்துகொண்டு நிற்பதை நினைத்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேலிக்கில்லை, நிஜமாகவே துடைத்துக்கொண்டார்.

புஷ்பவதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சரி, அழுது தொலைக்காதீங்க. அண்ணே, நாளைக்கி காலையிலயும் வாங்க, இட்லி சாப்பிடலாம். விசயதசமி, எல்லாத்தையும் மொதல்ல தொடங்குற நாளு. பாடட்டும். ஆனா கிரைண்டரும் அந்த நல்ல நேரத்துலதான் தொடங்கும், இதே ஹோல்ல. நல்ல நேரம் ஒரு ஆளுக்கு மட்டுமா வருது?”

மறுநாள் கிருஷ்ணகுமார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இலவச இட்லிக்காகவா, அழகமுத்து தோற்பதைப் பார்க்கவா என்று கேட்டால், இட்லி இரண்டாவதுதான்.

அழகமுத்து எலுமிச்சம்பழங்களை உருவினார். காய்ந்த சந்தனத்தை ஊசியிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்திருந்தால், கண்ணில் விழுந்த தூசி எடுக்கும் டொக்டர்மார் வெட்கப்பட்டிருப்பார்கள். புள்ளிகளைத் துடைத்தார். நல்ல நேரம் வந்தது. அவர் ஊசியை இறக்கினார், நாதஸ்வரம் எழுந்தது. அதே கணத்தில் புஷ்பவதி கிரைண்டரின் சுவிட்சைத் தட்டினாள்.

ஹோல் பல்ப் ஒருமுறை மங்கியது. தரை நடுங்கியது. அழகமுத்து புள்ளிகளைப் பார்த்தார். சிவப்பு ஒளியில் அவை அசையாமல் நின்றன. பெல்ட் இல்லாத வீரன்! ஆனால் ஸ்பீக்கர்? நாதஸ்வரத்துக்கு அடியில் யானை ஒன்று படுத்துக் குறட்டை விடுவது போல, கும்மென்று ஓர் உறுமல். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு பக்கம் முழுவதும் அந்தக் குறட்டையோடுதான் ஓடியது. அந்த நேரத்துக்குள் அவர் மனதுக்குள் ஜப்பான்காரரைப் பொலித்தீனில் சுற்றி, தார்ப்பாயில் மூடி, பின் விறாந்தையில் குடைக்குக் கீழே பலமுறை அடக்கம் செய்துவிட்டார்.

ஊசி நடுவுக்கு வந்து தூக்கப்பட்டது. புஷ்பவதியும் கிரைண்டரை நிறுத்தினாள்.

கிருஷ்ணகுமார் மெதுவாக முன்னுக்குச் சாய்ந்தார். வயது போனதில் அவர் காது மெல்லிய சத்தங்களோடு உறவை முறித்துக்கொண்டிருந்தது. தடித்த சத்தம்தான் இப்போது அவருக்குச் சங்கீதம்.

“டீமேக்கரய்யா…”

“சொல்லுங்க.”

“தவில் நல்லாருக்கு.”

அந்த இசைத்தட்டில் தவில் ஒப்புக்குத்தான் இருந்தது. அழகமுத்து புஷ்பவதியைப் பார்த்தார். புஷ்பவதி கையில் மாவோடு கூரையைப் பார்த்தாள்.

“என்னா ஒரு பேஸ்! நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குது. என் மகன் கொழும்புல வாங்கி வச்சிருக்கிற செட்டுல இதுல காவாசியும் இல்ல.”

“டைரக்ட் டிரைவ் இல்லீங்களா!” என்றார் அழகமுத்து. உலகத்தில் எவனும் இவ்வளவு சீக்கிரம் நிமிர்ந்ததில்லை.

“மத்தப் பக்கத்தையும் போடுங்க.”

இசைத்தட்டைத் திருப்பினார். ஊசி இறங்கியது. இந்த முறை நாதஸ்வரம் மட்டும், கழுவி வைத்த வெள்ளிக் கிண்ணம் போலத் துல்லியமாக ஒலித்தது. அவர் வாழ்நாளில் அந்தப் பெட்டி இவ்வளவு சுத்தமாகப் பாடியதே இல்லை. கிருஷ்ணகுமாரின் புருவம் சுருங்கியது.

“என்னாங்க, பேஸ் போயிருச்சு? மெசின்ல ஏதும் கோளாறா?”

அழகமுத்து மெல்ல நகர்ந்து புஷ்பவதியின் காதருகே போனார்.

“புள்ள… கிரைண்டர போடேன்.”

“உளுந்து ஆட்டி முடிஞ்சிருச்சிங்களே.”

“அரிசியப் போடு.”

“இன்னும் ஊறல.”

“ஊறாட்டி பரவால்ல, போடு புள்ள!”

“அப்ப கிரைண்டர் எங்க இருக்கணும்?” என்று அவள் சத்தமாகவே கேட்டாள்.

“இங்கதான். இங்கயேதான்.”

அவள் சுவிட்சைத் தட்டினாள். யானை திரும்பவும் குறட்டை விடத் தொடங்கியது. கிருஷ்ணகுமார் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். அழகமுத்து ஒரு நிமிடம் நின்று கேட்டார். ஏதோ குறைவது போலிருந்தது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடுகிற கிரைண்டரை அதன் மாலையோடு சேர்த்து ஜப்பான்காரர் பக்கமாக ஒரு முழம் இழுத்தார்.

“எங்கங்க இழுக்குறீங்க?”

“கிட்ட வந்தா இன்னும் கொஞ்சம் பேஸ் வரும்ல?”