மணி அடித்த பிறகு கும்பிடாதே

எண்ணூர் குப்பத்தில் வினிதாவைப் போல இடது கையால் குத்த ஆளில்லை. ஆனால் குத்துச்சண்டை மேடையில் ஏறிவிட்டால் இரண்டு காலும் வெலவெலத்துப் போகும். அதற்கு அவளே ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கண்ணை மூடி, கையுறைகளைக் கூப்பி, "ஆத்தா" என்று எல்லையம்மனை மூன்று முறை கூப்பிடுவாள். நடுக்கம் நின்றுவிடும்.

பயிற்சியாளர் அம்புரோஸுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கழுத்திலேயே ஜெபமாலை தொங்கியது; பக்தியைக் குறை சொல்கிறவர் இல்லை.

"கும்புடு, வேணான்னு சொல்லல. ஆனா கும்புட்ற கை மாராண்ட கீது. மூஞ்சிய யாரு பாத்துக்குவா?"

"எங்காத்தா பாத்துக்குவா மாஸ்டர்."

ராயபுரத்தில் மாவட்டப் போட்டியின் அரையிறுதி. எதிரில் புளியந்தோப்பு நீலா. முதல் சுற்று எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவது சுற்றுக்கு எழுந்த வினிதா கண்ணை மூடினாள். கூட்டம் போட்ட இரைச்சலில் மணி அடித்தது அவள் காதில் விழவில்லை. நீலாவின் காதில் விழுந்தது. மூன்றாவது "ஆத்தா" முடிவதற்குள் நாலே எட்டில் வந்து மூக்கில் ஒன்று வைத்தாள். வினிதா உட்கார்ந்துவிட்டாள். நடுவர் எண்ணத் தொடங்கினார்.

மூன்று எண்ணும்போது மேல்வரிசையில் வினிதாவின் அம்மா அங்கம்மா எழுந்தாள். முப்பது வருஷம் மீன் விற்ற குரல். ஒலிபெருக்கி பிச்சை வாங்க வேண்டும்.

"இன்னாமே எல்லையம்மா, இன்னா கயட்டிகினு கீற அங்க? வருசா வருசம் கூழு ஊத்தறேன், வவுறு முட்ட குட்ச்சிட்டுத் தூங்கறியா? எம்பொண்ணு மூக்கு ஒட்ஞ்சுது, உன் மூக்குத்தியக் கயட்டிகினு வந்துருவேன், ஆமா."

அரங்கமே சிரித்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடுவரின் உதடும் துடித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது வினிதாவுக்கு. அது பிளக்காததால் எழுந்தாள். எழுந்த பிறகுதான் கவனித்தாள், கால் நடுங்கவில்லை. இதைவிடக் கேவலமாக இனி என்ன நடந்துவிடப் போகிறது? மூக்கு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நீலாவின் விலாவில் இடது கையை இறக்கினாள். மறுபடியும் இறக்கினாள். மூன்றாவது சுற்றில் கும்பிடவே மறந்துபோனாள். மேடையைச் சுற்றி உட்கார்ந்து புள்ளி போட்ட ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அவளுக்கு வெற்றி என்றார்கள்.

மறுநாள் இறுதிப் போட்டி. வினிதா கும்பிட வேண்டியதை உடை மாற்றும் அறையிலேயே கும்பிட்டுவிட்டு வந்தாள். கால் உறுதியாகத்தான் நின்றது. அங்கம்மாவும் தொண்டை கட்டும்வரை ஆத்தாளைத் திட்டிப் பார்த்தாள். ஆனால் பேசின் பிரிட்ஜிலிருந்து வந்த பெண்ணின் கை மின்னல் மாதிரி வந்து போனது. எந்தப் பேச்சுக்கும் இடமில்லாமல் வினிதா தோற்றாள்.

வீடு திரும்பும் ஷேர் ஆட்டோ எல்லையம்மன் கோயிலைத் தாண்டும்போது வினிதா வீங்கிய கைகளைக் கூப்பினாள். அங்கம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவளாண்ட எனுக்கு இனிமே பேச்சு கெடையாது."

"அவ இன்னாம்மா பண்ணுவா? அந்தப் பொண்ணும் கும்புட்டுகினுதான வந்துருக்கும்."

அங்கம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். கட்டிப்போன குரலில் சொன்னாள்:

"அப்டின்னா அவங்கம்மா என்ன வுட நல்லா திட்டிகீறா."

சிரித்தால் மூக்கு வலித்தது. ஆனாலும் வினிதாவால் அடக்க முடியவில்லை.