லூடர்பெக்கின் மிக உயரமான இடம்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவர் டீட்மார் லூர்ஸென். 1989ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அதைச் செய்தார். அன்றிலிருந்து லூடர்பெக் கிராமத்தின் மிக உயரமான இடம் நான்தான்.

லூடர்பெக் ஜேர்மனியின் வடக்கில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரித் தட்டையான ஊர். நானூற்றுப் பதினெட்டுப் பேர், ஆயிரத்து இருநூறு மாடுகள், மிச்சமெல்லாம் முட்டைக்கோவா. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு உண்டு. நான் அந்த நாட்களில் லூர்ஸெனின் தகப்பனிடம் தோட்ட வேலைக்கு நின்றேன். அன்று மேட்டின்மேல் நின்று ஆட்டு வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே நில அளவையாளர் முக்காலியில் கருவியைப் பூட்டிவிட்டு, அளவுகோலைப் பிடிக்க லூர்ஸெனை மேலே அனுப்பினார். லூர்ஸென் அதைத் தரையில் ஊன்றாமல் என் தலைமேல் வைத்தார்.

"அசையாதே," என்றார்.

எனக்கு அப்போது தெரிந்த பத்து ஜேர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. நான் அசையவில்லை.

மேடு பத்து மீற்றர் தொண்ணூற்றேழு. நான் ஒரு மீற்றர் அறுபத்தேழு. மொத்தம் பன்னிரண்டு அறுபத்து நான்கு. பக்கத்து ஊரான ஓல்டென்ஸீலின் மேடு பதினொன்று எண்பதுதான். இருநூறு வருடமாக ஓல்டென்ஸீல்காரர்கள் எங்கள் ஊரவரைப் பள்ளத்தார் என்று கூப்பிட்டு வந்தார்களாம். அன்றோடு அது நின்றது. ஊரில் மூன்று நாள் பீர் ஓடியது. எனக்கும் ஒரு கிளாஸ் தந்தார்கள்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. கிராமசபை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பச்சைப் புத்தகம் கொடுக்கும். முதற்பகுதி நிலம். இரண்டாம் பகுதி வரலாறு: துறவிகள் ஒரு பன்றியை ஓட்டிக்கொண்டு வந்ததும், அது களைத்துப் படுத்த காய்ந்த இடத்தில் தேவாலயம் கட்டியதும். மூன்றாம் பகுதி சபையும் குடிகளும். ஒரு பகுதியில் எழுதப்பட்டதை இன்னொரு பகுதியில் எழுதக்கூடாது. நான் முதற்பகுதியில், ஓடைக்கும் சதுப்புக்கும் நடுவில், ஏழாம் பக்கத்தில் இருந்தேன். மூன்று வருடம் கழித்து வந்த என் மனைவி புனிதவதியை மூன்றாம் பகுதியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆளாகச் சேர்த்தார்கள். அவளுக்கு வாக்கு உண்டு. எனக்கு இல்லை. மேடு வாக்களிக்க முடியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் முப்பத்தைந்து கடிதம் எழுதினேன், வருடத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. நிலம் சம்பந்தமான கோரிக்கைகளை நிலமே கொடுக்க இயலாது.

உயரமான இடமாக இருப்பது சும்மா இருக்கிற வேலை அல்ல. வரைபடக்காரர்கள் வருடா வருடம் கடிதம் போட்டு, பெரும்பாலும் எங்கே இருப்பேன் என்று கேட்பார்கள். நான் குசினி, அதாவது அடுப்படி, என்று எழுதுவேன். அங்கே ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் போடுவார்கள். கார்த்திகையில் முதல் உறைபனி என் தோளில்தான் விழும். வெள்ள எச்சரிக்கை வந்தால் ஊர் முழுவதும் மிக உயரமான இடத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஒரு முறை நான் பட்டணத்தில் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதிவிட்டது. நானூற்றுப் பதினெட்டுப் பேரும் நாற்பது மாடுகளும் காத்திருக்கும் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். வைத்தியர் எல்லாருக்கும் இலக்கம் கொடுத்தார்.

வைகாசியில், இயேசு விண்ணுக்கு ஏறிய நாளன்று, ஊரவர் உச்சிக்கு நடப்பது வழக்கம். தள்ளுவண்டியில் பீரோடு என் வீட்டுக்கு வருவார்கள். என் பக்கத்தில் நின்று கோவா வயல்களைப் பார்த்து, என்ன காட்சி என்பார்கள். உச்சிக்கு ஏறியவர்கள் பெயர் எழுதும் கொப்பி ஒன்று உண்டு. அதைத் தகரப் பெட்டியில் போட்டு நான்தான் காவித் திரிவேன். ஊரில் உள்ள அத்தனை பெயரும் அதில் இருக்கிறது. என் பெயர் இல்லை. உச்சி உச்சிக்கு ஏற முடியாது.

"இஞ்சேருங்கோ, மலைக்கு இண்டைக்குப் புட்டோ இடியப்பமோ?" என்று புனிதவதி காலையில் கேட்பாள். அவளுக்கு எல்லாம் பகிடி.

போன வருடம் மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. லூடர்பெக்கையும் ஓல்டென்ஸீலையும் ஒரே ஊராக்கப் போகிறார்கள். எது உயரமோ அதன் பெயர் நிலைக்கும். மற்றது அழியும். ஐப்பசி பன்னிரண்டில் அளவு, அதற்கடுத்த ஞாயிறு புதுச் சபைக்குத் தேர்தல்.

செய்தி வந்த நாளிலிருந்து ஊர் கொதித்தது. தபால்காரி சைக்கிளை நிறுத்தி என் முதுகைத் தட்டிவிட்டுப் போனாள். வெதுப்பகத்தில் எனக்கு மட்டும் பணிஸ் இரண்டாகக் கொடுத்தார்கள். ஓல்டென்ஸீல்காரர்களோ லொறி லொறியாக மண் கொண்டுவந்து தங்கள் மேட்டில் கொட்டினார்கள். பன்னிரண்டு அறுபத்திரண்டு வந்துவிட்டது என்று தெரிந்தது.

அன்று மாலை புனிதவதி என்னைக் குசினிக் கதவோடு நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டாள். இரண்டு முறை அளந்தாள்.

"மூண்டு சென்ரிமீற்றர் தேய்ஞ்சு போனியள்," என்றாள்.

ஒரு மீற்றர் அறுபத்து நான்கு. மேட்டோடு கூட்டினால் பன்னிரண்டு அறுபத்தொன்று. ஒரே ஒரு சென்ரிமீற்றரால் ஊர் தோற்கும். நான் பென்சில் கோட்டைப் பார்த்துச் சிரித்தேன். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக லூர்ஸென் உதவி கேட்டு என் கதவைத் தட்ட வேண்டி வரும்.

மறுநாளே தட்டினார். இப்போது அவர்தான் கிராமசபைத் தலைவர். அப்பிள் கேக்கோடு வந்தார். கதவில் இருந்த பென்சில் கோட்டைக் கண்டதும் கேக்கை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். தொப்பி போட முடியுமா என்று கேட்டார். தொப்பி கட்டடமாகக் கணக்கெடுக்கப்படும், அனுமதி எடுக்க எட்டு மாதம் ஆகும் என்றேன். தலைமயிரை வாரி நிமிர்த்தினால் என்ன என்றார். அது தாவரம் என்றேன். சட்டமெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முப்பத்தைந்து கடிதம் எழுதியவன் நான்.

"அப்படியென்றால் என்னதான் செய்யலாம், ஹெர் கார்த்திகேசு?"

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அதற்கு முன் உச்சி என்றுதான் சொல்வார்.

"மூன்றாம் பகுதியில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வையுங்கள். நான் நிமிர்ந்து நிற்கிறேன்."

அளவுக்கு முன்னால் எழுதினால் நான் குடிமகன் ஆகிவிடுவேன், குடிமகனை அளக்க முடியாது என்றார். அதுவும் சரிதான். அளவு முடிந்த அன்றே எழுதித் தருவதாகச் சொன்னார். நான் தகரப் பெட்டியைத் திறந்து கொப்பியை நீட்டினேன். "கார்த்திகேசுவுக்கு ஒரு கையெழுத்துப் பாக்கி, நானே கொடுப்பேன், டீ. லூர்ஸென்" என்று அதில் எழுதினார். புனிதவதி அதை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைத்தாள்.

வழியைச் சொன்னது ஊர் வைத்தியர். மனிதன் படுத்துக் கிடந்தால் நீளுவான், நின்றால் சுருங்குவான். ஆகவே அளவுக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் கட்டிலில் கிடந்தேன். நான் படுத்தவுடன் ஊருக்கு உச்சி இல்லாமல் போனது. வாய்க்கால்களில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றது. மாடுகள் ஒரே திசையைப் பார்த்தபடி மேயாமல் நின்றன. சனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

காலை ஒன்பது மணிக்குத் தீயணைப்புப் படையினர் எட்டுப் பேர் என்னைக் கட்டிலோடு தூக்கினார்கள். முன்னால் பித்தளை வாத்தியம். தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். படுத்தபடி எனக்குத் தெரிந்ததெல்லாம் வானமும், மேல் யன்னல்களில் இருந்து எட்டிப்பார்த்த முகங்களும்தான். என் பெயரை, கார்த்திகேசு, கார்த்திகேசு என்று தாளத்துக்குச் சொன்னார்கள். சந்தோசத்தில் என் கால்விரல்கள் தாமாக ஆடின. புனிதவதி பக்கத்தில் நடந்தபடி, காலை ஆட்டாதேங்கோ, சுருங்கிப் போவியள் என்றாள்.

ஓல்டென்ஸீல்காரர்கள் உழவு இயந்திரங்களில் வந்து, மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய மேட்டை விடியவே அளந்தாயிற்று. பன்னிரண்டு அறுபத்திரண்டு, மாற்றமில்லை. இந்த முறை அளவையாளர் ஒரு பெண், ஃபிராவ் யான்ஸென். சிரிக்காத ஆள். கருவியைப் பூட்டிக் கையை உயர்த்தினார்.

என்னை நிமிர்த்தி மேட்டில் விட்டார்கள். வாத்தியம் நின்றது. நான் மூச்சை உள்ளே இழுத்தேன். கரவெட்டியில் என் தாய் என்னைப் பெற்ற நாளிலிருந்து அவ்வளவு நேராக நான் நின்றதில்லை. கோல் என் தலையில் வந்து தொட்டது. பிடித்திருந்தவர் லூர்ஸென்.

"பன்னிரண்டு அறுபத்து மூன்று," என்றார் ஃபிராவ் யான்ஸென்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. வாத்தியம், சங்கு, நாய்கள், தேவாலய மணி எல்லாம் ஒன்றாக. வைத்தியர் அழுதார். புனிதவதி முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு சிரித்தாள். லூர்ஸென் கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கித் துள்ளினார். ஒரு துள்ளல், இரண்டு துள்ளல், மூன்றாவதில் மேட்டிலிருந்து சறுக்கி வாய்க்காலுக்குள் இருந்துவிட்டார். தண்ணீர் அவருடைய நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கிருந்தும் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஃபிராவ் யான்ஸென் படிவத்தைப் புரட்டினார். புது ஊருக்கு மிகத் தாழ்ந்த இடமும் எழுத வேண்டியிருந்தது. கீழே கிடந்த கோலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய், லூர்ஸெனின் தலையில் வைத்தார்.

லூர்ஸெனுக்கு உடனே விளங்கிவிட்டது. எழும்பப் பார்த்தார்.

"அசையாதீர்கள்," என்றார் ஃபிராவ் யான்ஸென்.

கடல் மட்டத்துக்குக் கீழே முப்பத்தெட்டு சென்ரிமீற்றர். அவர் அதை எழுதி, கருவிப் பெட்டியைப் பூட்டி, வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலையே லூர்ஸெனின் பெயரை மூன்றாம் பகுதியிலிருந்து எடுத்து முதற்பகுதியில் போட்டார்கள். ஏழாம் பக்கம், எனக்கு இரண்டு வரி கீழே. தலைவர் பதவியும் போனது. நான் கொப்பியோடு சபைக்குப் போனேன். புதிதாகப் பொறுப்பெடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். நானே கொடுப்பேன் என்று லூர்ஸென் எழுதியிருப்பதால் அவர்தான் கொடுக்க வேண்டும் என்றார். பள்ளத்தின் கையெழுத்து செல்லுமா என்று கேட்டேன். நேரில், கைக்குக் கை வாங்கினால் செல்லும் என்று சட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை புனிதவதி வாக்குப் போடப் போனாள். நானும் லூர்ஸெனும் பாடசாலைக்கு வெளியே, வாசலின் இரண்டு பக்கத்திலும் நின்றோம். அவருடைய சப்பாத்துக்குள் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. மழை எங்கே பெய்தாலும் இப்போது அவரிடம்தான் வருகிறது. அவர் வீட்டு நிலவறையில் வாத்துகள் குடியிருக்கின்றன.

"ஆரோ வெண்டுபோட்டினம்," என்று வாக்கு எண்ணி முடிந்ததும் புனிதவதி வெளியே வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்தேகாலுக்குத் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் புறப்படுகிறேன். முந்நூறு மீற்றர் தூரம். நான் பன்னிரண்டு அறுபத்து மூன்று, அவர் பூச்சியத்துக்குக் கீழே. ஆகவே நான் கிட்டக் கிட்டப் போக இடையில் உள்ள தெரு செங்குத்தாகிறது. தபால்காரி சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளுகிறாள். அவருடைய வேலிக்கு வந்தால் காலடியில் பெரிய பள்ளத்தாக்கு. அடியில் லூர்ஸென் பேனையோடு கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். அவரும் தர விரும்பாமல் இல்லை. நான் குனிந்து கொப்பியை நீட்டுவேன். எட்டாது. அந்தக் கையெழுத்து இன்றைக்கும் பாக்கிதான்.

இந்த மாதம் பனி விழுந்தது. நேற்று நான் போனபோது தெருமுனையில் ஓல்டென்ஸீல்காரர்கள் முப்பது பேர் சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான் வேலியடிக்குப் போய்ச் சேரும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, ஒவ்வொருவராகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள்.