நாலு கோடி வருஷத்து எறும்பு

எங்கள் தோட்டத்தில் அழகுமுத்து ஆசாரிக்கு இரண்டு வேலை. பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார்; சாயங்காலம் தொழிலாளர் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து வெள்ளி வேலை செய்வார். ராகலைப் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் அவர் செய்த மெட்டியோடுதான் கொழுந்தெடுக்க மலையேறினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம். இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று?

அவர் கைத்திறமை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணியின் காதிலும் விழுந்தது. சீமையிலிருந்து அவளுக்கு ஒரு கல் வந்திருந்தது. தேன் நிறம், உள்ளே ஓர் எறும்பு. அதை வெள்ளியில் பதித்துப் பதக்கமாக்க வேண்டும். ஆசாரியைப் பங்களாவுக்கு வரவழைத்து, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆங்கிலத்தில் உருகி உருகிப் பேசினாள். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் இராசரத்தினம் அத்தனையையும் தமிழில் சொன்னார்.

"அம்பர் எண்டு விலை கூடின கல்லாம். கவனம்."

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

ஆசாரி கவனமாகத்தான் செய்தார். வெள்ளியில் கிண்ணம் தட்டி, விளிம்பில் கொடி இழைத்து, அடியில் அரக்கு நிரப்பி, கல்லை வைத்து, ஊதுகுழலால் சூடு காட்டினார். கெம்பானாலும் கண்ணாடியானாலும் அவர் பதிப்பது அப்படித்தான். அரக்கு இளகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கல்லோ அரக்குக்குப் போட்டியாகத் தானும் இளகியது. பிறகு பற்றிக்கொண்டது.

அடுப்படியிலிருந்த அவர் மனைவி வீரம்மா, "என்னாங்க, இன்னைக்கு வெள்ளிக்கெழமகூட இல்லியே, சாம்பிராணி போடுறீங்க?" என்றாள்.

வந்து பார்த்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எறும்போடு சேர்ந்து கருகி, சீமைக் கல் கரியாகக் கிடந்தது.

"பத்துச்சீட்டு குடுத்து வெரட்டிருவாங்களே! புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்கங்க போறது?"

அவள் அழுததில் நியாயம் இருந்தது. துரை பத்துச்சீட்டுக் கொடுத்தால் வேலையும் போகும், காம்பராவும் போகும். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவையும் அப்போதுதான் அத்தாட்சி போதாதென்று தள்ளியிருந்தார்கள். அந்த ஓர் அறையை விட்டால் அவர்களுக்கு உலகத்தில் வேறு இடமில்லை.

ஆனால் அந்த வாசனை ஆசாரியின் மூக்கில் உறைத்தது. "கல்லாவது மண்ணாவது! இது மரத்துப் பிசினு, புள்ள," என்றார். பிசினுக்கு அவரிடம் பஞ்சமில்லை. அரக்கில் கலக்கக் குங்கிலியம் வைத்திருந்தார். தெளிந்த துண்டுகளாகப் பொறுக்கி, உருக்கி, வடிகட்டி, கிண்ணத்தில் பாதி ஊற்றினார். எறும்பு வீரம்மாவின் சீனிப் போத்தலிலிருந்து வந்தது.

"கால மடக்கிராதீங்க, ஆறும் தெரியணும்," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே யோசனை சொன்னாள். ஆசாரி மீதியை ஊற்றினார்.

துரைசாணி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். முன்பு மங்கலாக இருந்த எறும்பு ஆசாரி மெருகிட்டதில் எவ்வளவு தெளிவாகிவிட்டது என்று பூரித்துப்போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் விருந்து. பதக்கத்தோடு ஆசாரியையும் விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டுமென்று கூப்பிட்டு அனுப்பினாள்.

அன்றைக்குத் துரையே பக்கத்தில் இருந்ததால், கிளாக்கர் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார்.

"பால்டிக் எண்டொரு கடல் இருக்காம். நாலு கோடி வருஷத்துக்கு முந்தி அந்தப் பக்கமெல்லாம் காடாம். மரத்தில வடிஞ்ச பிசின் எறும்பை மூடி அப்பிடியே இறுகிப்போச்சாம். ரோமாபுரியில இதில ஒரு சின்னப் பொம்மையின்ர விலை, ஓர் அடிமையின்ர விலையிலும் கூடவாம்."

பதக்கம் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. இலங்கை எறும்புக்கு இந்த லட்சணம் வராது என்றார் டயகமத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு துரை. சொல்லிக்கொண்டே கல்லை நகத்தால் மெல்லச் சுரண்டினார். குங்கிலியம் நகத்துக்குத் தாங்காது.

"நீ எந்த ஊரெண்டு துரைசாணி கேக்கிறா," என்றார் கிளாக்கர்.

"இதே தோட்டந்தாங்க. அஞ்சாம் லயம். எங்கப்பா பொறந்ததும் அங்கதாங்க."

துரைசாணி சிரித்துத் தலையை ஆட்டினாள். விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

"அது இல்லையாம். உண்மையா எங்கயிருந்து வந்தனி எண்டு கேக்கிறா."

நகம் இன்னும் கல்லின் மேல்தான் இருந்தது. பேச்சு நீள நீள அதுவும் சுரண்டும். இந்தப் பேச்சு சட்டென்று முடிந்தால் போதும்.

"திருச்சிப் பக்கம்ங்க," என்றார் ஆசாரி.

எல்லோருக்கும் திருப்தி. பதக்கம் துரைசாணியின் கழுத்துக்குத் திரும்பியது. அவள் அதைத் தடவியபடியே மிகுந்த பரிவோடு இன்னும் ஏதோ கேட்டாள்.

"சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்திட்டாய், ஊர் ஞாபகம் வாறதில்லையோ எண்டு கேக்கிறா."

நுவரெலியாவைத் தாண்டி எங்கும் போயிராத அழகுமுத்து ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"ரொம்ப வருதுங்க," என்றார்.