டகோட்டாவுக்குச் சுண்ணாம்பு

ரெங்கராஜ் முதலாளி செல்லமுத்துவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது நயா பைசா. மாசம் இருபத்தைந்து ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒரு வருசமும் பதினைந்து நாளும் ஓர் ஏரோப்பிளேனுக்குக் காவல் கிடந்த கூலி அது. அதில் முந்நூறை வல்லத்திராக்கோட்டை ராக்கன் கையில் கொடுத்துவிட்டால், அவனிடம் ஒத்திக்கு விட்ட ஒரு ஏக்கர் கடலைக் கொல்லை திரும்பி வரும். சித்திரை பிறப்பதற்குள் கொடுக்க வேண்டும். தவறினால் கொல்லை ராக்கனுக்கே கிரயம் என்பது பேச்சு. மிச்சம் பன்னிரண்டரை ரூபாயைப் பற்றிச் செல்லமுத்து யோசித்ததில்லை. அந்த யோசனையை அவன் பெண்சாதி காத்தாயி பார்த்துக்கொண்டாள். அது ஒரு சேலை.

ரெங்கராஜ் புதுக்கோட்டையில் லாரி வைத்திருந்தவர். லாரி ஓட்டிச் சம்பாதித்ததைவிட லாரி விற்றுச் சம்பாதித்ததுதான் அதிகம். திருச்சிப் பக்கம் பழைய வண்டியை அடிமாட்டு விலைக்கு எடுப்பார், பாடி கட்டுவார், பெயிண்ட் அடிப்பார், எலுமிச்சம்பழம் கட்டி எவன் தலையிலாவது ஏற்றிவிடுவார். நட்டம் பார்க்காத கை என்று பெயர். அந்தச் சமயத்தில் விமானக் கம்பெனிகள் புதுசு புதுசாக விமானம் வாங்கி, பழைய டகோட்டாக்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன. யுத்தத்தில் சிப்பாய்களைச் சுமந்துவிட்டு, யுத்தம் முடிந்ததும் நாற்காலி போட்டுப் பிரயாணிகளைச் சுமந்த வண்டிகள் அவை. இரண்டு லாரியை விற்று, வீட்டுப் பத்திரத்தையும் வைத்து, ரெங்கராஜ் அதில் ஒன்றை வாங்கிவிட்டார்.

"டயர் இருக்கு, இஞ்சின் இருக்கு, சீட்டு இருக்கு. லாரிக்கு றெக்கை முளைச்சா அதான்யா ஏரோப்பிளேன்" என்றார்.

விமான நிலையத்தில் நிறுத்தினால் நாள் வாடகை. வாடகையே முதலைத் தின்றுவிடும் என்று கணக்குப் பார்த்து, பெர்மிட் வாங்கி, அன்னவாசலுக்கு மேற்கே யுத்தத்துக்காகப் போட்டுவிட்டு அப்படியே கைவிட்ட ஓடுதளத்தில் அதைக் கொண்டுவந்து இறக்கச் சொன்னார். அது தை மாசம். இறங்கிய அன்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வந்து தேங்காய் உடைத்தது. மறுவாரம் ஆடு மேய்க்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்லமுத்துவும் காத்தாயியும் றெக்கைக்கு அடியில் ஓலையைச் சாத்திக்கொண்டு குடியிருந்தார்கள். ஆடு வந்து உரசாமல் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் புரண்டுவிடாமல் முளையடித்துக் கட்டிய கயிறுகளை இறுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருதரம் விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று ஓட்டிவந்தவர் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கு முதலாளி வீட்டிலிருந்து அரிசி வந்தது. ரொக்கம் வரவில்லை. கேட்டால், "ஏரோப்பிளேன் போகட்டும்ப்பா, மொத்தமா வாங்கிக்க. கையில குடுத்தா நீ செலவழிச்சுப்புடுவ" என்பார்.

விற்றுக்கொடுக்க ஆத்மநாதனைப் பிடித்திருந்தார் ரெங்கராஜ். ஆத்மநாதன் மாட்டுத் தரகர். சந்தையில் அவர் தோளில் துண்டு விழுந்தால் எப்பேர்ப்பட்ட சண்டி மாடும் விலை போகும். ஏரோப்பிளேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லு எங்கிட்டு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு வேலையை ஒப்புக்கொண்டார்.

மார்கழியில் மெட்ராஸிலிருந்து சரக்கு விமானக் கம்பெனி முதலாளி ஒருவர் காரில் வந்தார். அவர் பார்த்து முடித்ததும் ஆத்மநாதன் சந்தை வழக்கப்படி துண்டை விரித்து அவர் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். அந்த மனிதருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை. ஒரு விரலுக்குப் பத்தாயிரம். துண்டு ரொம்ப நேரம் அசைந்தது. அவர் ஆறில் நின்றார், ரெங்கராஜுக்கு ஏழு வேண்டும்.

"பொங்கல் கழியட்டும், இஞ்சினியரோட வர்றேன். அவர் சரின்னா பேசிக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் புழுதி அடங்கியதும் ஆத்மநாதன், "ஆறுக்கே தள்ளிவிட்டிருக்கணும் முதலாளி" என்றார்.

"ஏன்? நம்ம வண்டிக்கு என்ன கொறை?"

"நம்ம வண்டிக்குக் கொறை இல்லைங்க. மழை பொய்ச்ச வருசம் சந்தைக்குப் போயிருக்கீங்களா? தீவனம் இல்லாம எல்லாரும் மாட்டை ஓட்டிக்கிட்டு வருவான். அன்னைக்கு நல்ல மாடு, கெட்ட மாடுன்னு பேச்சே கெடையாது. எல்லாம் ஒரே வெலைதான். இப்ப கம்பெனிக்காரன் அத்தனை பேரும் பழசை ஓட்டிக்கிட்டு நிக்கிறான்."

"ஏழு வரும்யா. செல்லமுத்து, வர்றவன் கண்ணைப் பறிக்கிற மாதிரி சுத்தமா வச்சிரு."

சுத்தமாக வைப்பது என்றால் பொங்கல் சமயத்தில் செல்லமுத்துவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து மொடாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது கொதித்துப் பொங்கி அடங்கியது. காத்தாயி கஞ்சித்தண்ணியும் கொஞ்சம் நீலமும் கலந்தாள். ஆனால் தகடு வழுக்கிற்று. அடித்த சுண்ணாம்பு மோராக வழிந்தது. அதற்கும் வழி இருந்தது. செங்கல்பொடியைப் போட்டு, பழைய பெயிண்ட் போகும்வரை பரக் பரக்கென்று தேய்த்தார்கள். அதன் பிறகு சுண்ணாம்பு பிடித்தது. ஒரு பூச்சு காய்ந்ததும் மறு பூச்சு. வால் உச்சிக்கு ஏணி எட்டாமல், காத்தாயி கயிற்றைப் பிடித்துக்கொள்ள அவன் தொற்றிக்கொண்டு அடித்தான். இஞ்சின் மூடியில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒட்டவே இல்லை. அது கிடக்கட்டும் என்று தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டான். வயிற்றோரம் காவியில் பட்டை போட்டாள் காத்தாயி. வாசல்படியில் மாவிலை கட்டினார்கள். செல்லமுத்துவின் விரலெல்லாம் வெந்து வெடித்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டான்.

பொங்கலன்று ரெங்கராஜ் குடும்பத்தோடு வந்தார். வெயிலில் அது நின்ற நிறத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஏப்பா, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிப்புட்டியே! இவனுக்கு எட்டே கேக்கலாமே!"

மடியிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து அவன் கையில் வைத்தார். ஒரு வருசத்தில் அவரிடமிருந்து வந்த ரொக்கம் அதுதான்.

தை முடிகிற சமயம் மெட்ராஸ் கம்பெனிக்காரர் வரவில்லை, இஞ்சினியர் மட்டும் வந்தார். பெயர் ஞானமணி. ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். கிட்ட வரும்போதே அவர் நடை தளர்ந்தது. மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பேனாக்கத்தியை எடுத்து வயிற்றுப் பக்கம் சுரண்டினார். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. அடியில் தகடு அம்மைத் தழும்பாகக் குழிகுழியாகக் கிடந்தது. றெக்கையில் சுரண்டினார், வாலில் சுரண்டினார். எல்லா இடத்திலும் அதே அம்மை.

"யாருங்க இதுக்குச் சுண்ணாம்பு அடிச்சது?"

"நம்ம ஆளுதான். பொங்கலுக்கு அடிச்சான்" என்றார் ரெங்கராஜ், இன்னும் பெருமையாக.

"பொங்கலுக்கா." ஞானமணி கத்தியைத் துடைத்து மடித்தார். "அலுமினியத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாதுங்க. அரிச்சுத் தின்னுடும். மேல இருந்த பெயிண்டையும் தேச்சு எடுத்திருக்கீங்க. ராத்திரி பனியில ஈரம் காயாம வேலை செஞ்சிருக்கு."

"கழுவிட்டா?"

"கழுவலாம். குழி எங்க போகும்? இந்த உடம்போட மேல கொண்டுபோக யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்க. தகடு மாத்தணும். மாத்துற காசுக்கு இன்னொரு டகோட்டாவே வாங்கிடலாம். இந்த மாசம் மட்டும் ஆறு டகோட்டா விலைக்கு வந்திருக்கு, நாப்பதாயிரத்துக்கே இழுபறியா இருக்கு."

"அப்ப சுண்ணாம்பு அடிக்காட்டியும் அறுபது கெடைச்சிருக்காதா?" என்றார் ஆத்மநாதன்.

"அறுபது கிடைக்காதுங்க. நாப்பது கிடைச்சிருக்கும்."

இஞ்சின் இரண்டையும் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். அவை நன்றாக இருந்தன. அவற்றுக்கு மட்டும் ஒரு விலை எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

செல்லமுத்து இடுப்பில் துண்டைக் கட்டியபடி நின்றான். அவனுக்கு நாற்பதாயிரமும் தெரியாது, அறுபதாயிரமும் தெரியாது. கடலைக் கொல்லையின் கிழக்கு வரப்பில் ஒரு வேலமரம் உண்டு. அதுதான் கண்ணில் நின்றது. ரெங்கராஜ் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பாதியில் கை தானாக இறங்கிவிட்டது.

"நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

"என் பாக்கிங்க, முதலாளி…"

"பாக்கியா? நீ எனக்குக் குடுக்கவேண்டிய பாக்கியைப் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் குடுத்தாலும் தீராதுடா!"

காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. ஓலை மறைப்பிலிருந்து வெளியே வந்தாள். "அன்னைக்கு மாப்பிள்ளைன்னு மெச்சினது யாருங்க? ரெண்டு ரூவா வெகுமதி குடுத்தது யாருங்க? மாப்பிள்ளைக்கு அம்மை போட்டா, சீவி முடிச்சவன் கூலியைப் பிடிப்பாகளா?"

"சும்மா இரு" என்றான் செல்லமுத்து. அன்றே ஓலையைப் பிரித்துக்கொண்டு இருவரும் வல்லத்திராக்கோட்டைக்கு நடந்தார்கள். வழியில் காத்தாயி ஒரு தடவை கேட்டாள்: "அலுமினியத்துக்குச் சுண்ணாம்பு ஆகாதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்டுல எல்லாம் மண்சட்டிதான."

மாசி போயிற்று. பங்குனியும் பாதி போயிற்று. செல்லமுத்து கிணறு வெட்டப் போனான், வரப்பு வெட்டப் போனான். கிடைத்தது வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. விரல் வெடிப்பு ஆறவில்லை, மண்வெட்டிப் பிடி பட்டுப் பட்டு ரத்தம் கசிந்தது. ராக்கன் எதிர்ப்படும்போதெல்லாம், "சித்திரை வருது மாமா" என்பான். அவ்வளவுதான் சொல்வான்.

அப்போதுதான் ஆத்மநாதன் ஆள் விட்டார், சந்தைக்கு வரச்சொல்லி.

இஞ்சின்கள் ஒன்பதாயிரத்துக்குப் படிந்திருந்தன. உடம்பை எடைக்குப் போட்டு, பாத்திரம் அடிக்கிற வியாபாரி ஒருவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. புளியமரத்தடியில் ரெங்கராஜ் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். செல்லமுத்துவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவனை எதுக்குய்யா கூப்பிட்டே?"

"முதலாளி, நான் முப்பது வருசமாத் தரகு பாக்குறேன்" என்றார் ஆத்மநாதன். "மாடு கைமாறுறதுக்கு முன்னாடி, புல்லுப் போட்டவனுக்குக் கூலி தீத்திருக்கணும். அவன் வயிறெரிஞ்சு நிக்கையில நான் ஒரு கயித்தையும் மாத்தினதில்லை. மாத்தினா அடுத்த மாடு என் துண்டுல படியாது. இஞ்சின் லாரியில ஏறணும்னா, இதைப் பேசி முடிங்க."

"நட்டத்துல பாதி இவன் செஞ்சது!"

"நீங்க பாத்துச் சிரிச்சது. வாயால பேசினா விடிஞ்சாலும் முடியாது. கையை நீட்டுங்க. நீயும் நீட்டுப்பா. விரலுக்கு நூறு. மடக்கின விரல் அம்பது."

துண்டு இருவர் கைமேலும் விழுந்தது. செல்லமுத்து எத்தனையோ மாட்டை ஓட்டிக்கொண்டு இந்தச் சந்தைக்கு வந்திருக்கிறான், எல்லாம் பிறத்தியார் மாடு. துண்டுக்குள் அவன் கை போனது இதுதான் முதல் தடவை.

ரெங்கராஜ் அவன் விரலில் ஒன்றைப் பிடித்தார். நூறு. செல்லமுத்து தலையை ஆட்டிவிட்டு அவர் விரலில் மூன்றைச் சேர்த்துப் பிடித்தான். பன்னிரண்டரையை அப்போதே விட்டாயிற்று. அவர் உதறிவிட்டு மறுபடியும் ஒன்றைப் பிடித்தார், இந்தத் தடவை அழுத்தி. வெடிப்பின் மேல் பட்டது. செல்லமுத்துவுக்கு உயிர் போனது. ஆனால் கையை இழுக்கவில்லை; இழுத்தால் பேச்சு முறிந்துவிடும். ரெங்கராஜின் விரல் நின்றது. பிறகு மெதுவாகப் பக்கத்து விரலுக்குப் போனது, அதற்கடுத்த விரலுக்குப் போனது. எல்லாம் ஒரே மாதிரி சொரசொரவென்று வெடித்துக் கிடந்தன. இதே குழிகளை அவர் டகோட்டாத் தகட்டிலும் தடவிப் பார்த்திருந்தார்.

அவர் இவனைப் பார்க்கவில்லை. சந்தைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுக்கடியில் இரண்டு விரலைப் பிடித்தார்.

மூன்றைப் பிடிக்கத்தான் செல்லமுத்து நினைத்தான். ஆனால் அவர் வீட்டுப் பத்திரம் இன்னும் மீளவில்லை என்று ஆத்மநாதனின் ஆள் சொல்லியிருந்தான். தெரியாமல் அடித்ததுதான், ஆனாலும் அடித்தது இந்தக் கை. எவ்வளவு நேரந்தான் பிடித்துக்கொண்டு நிற்பது. அசதியாக இருந்தது. அவர் விரலில் இரண்டை நேராகவும் ஒன்றை மடக்கியும் பிடித்தான்.

ரெங்கராஜ் கையை இறுக்கினார். முடிந்தது.

ஆத்மநாதன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "வெளியில வந்தப்புறம் மறுபேச்சு இல்லை" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ரெங்கராஜ் கொடுத்த இருநூற்றைம்பதை எண்ணிச் செல்லமுத்துவின் மடியில் வைத்தார். தரகு கேட்கவில்லை. ரெங்கராஜ் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். நாலடி போனவர் திரும்பி, "வேப்பெண்ணெய் போடு. தேங்காயெண்ணெய்க்கு அது கேக்காது" என்றுவிட்டுப் போனார்.

ராக்கன் பணத்தை இரண்டு தடவை எண்ணினான். "அம்பது கொறையுதே மாமா."

"அறுப்புல கடலையாத் தாரேன்."

"ஈரக் கடலையா, காஞ்ச கடலையா?"

"காஞ்சதே தாரேன்."

"ஏரோப்பிளேனுக்கு வெள்ளையடிச்ச ஆளுகிட்டக் கணக்குப் பேசணும்னு என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே ராக்கன் பெட்டியைத் திறந்து ஒத்திச் சீட்டை எடுத்துக் கொடுத்தான்.

சித்திரைக்கு நாலு நாள் இருந்தது. செல்லமுத்துவும் காத்தாயியும் கொல்லைக்குப் போனார்கள். ராக்கன் இரண்டு வருசமாக உழவே இல்லை. கோரை மண்டிக் கிடந்தது. வேலமரத்தையும் பாதி வெட்டி விறகாக்கியிருந்தான்.

"என் சேலை?" என்றாள் காத்தாயி.

"அது சுண்ணாம்போட போச்சு."

அவள் கோரையை ஒரு கை பிடுங்கிப் பார்த்தாள். வேர் ஆழத்தில் இருந்தது. "சரி, விதைக் கடலைக்கு எங்கிட்டுப் போறது?"

செல்லமுத்து துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, மிஞ்சியிருந்த அந்த அரை நிழலில் படுத்துக்கொண்டான்.