நாச்சிமுத்துவின் மௌனப் பாக்கி

நாச்சிமுத்து கட்ட வேண்டிய மௌனப் பாக்கி ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா. ஒலிப் பதிவேட்டு அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. சொந்தமாக ஒரு சத்தம் இல்லாமல் ஐம்பத்திரண்டு வருஷம் ஈரோட்டில் குடியிருந்ததற்கான தொகை அது.

தப்பு அவனுடையது இல்லை. ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் முதல் அழுகையை எழுதிக்கொள்ள அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். நாச்சிமுத்து பிறந்த அன்று மாரியம்மன் பண்டிகை. ஜன்னலுக்கு நேராகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வந்தவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். பிள்ளையின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்காததை எழுத விதியில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எவ்வளவு பேசினாலும் கணக்கில் சேராது. பேச்சு ஊர்ப் பொது.

பணத்தைக் கட்டித் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரசீதில் கட்டியவரின் சத்தத்தை ஒட்டித் தருவார்கள். சத்தம் இல்லாதவரிடம் பணம் வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆளையே அமைதி என்று கணக்கெழுதி மாவட்ட நூலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நூலகத்தில் அமைதிக்கு எப்போதும் தட்டுப்பாடு. போன வருஷம் பவானிக்காரர் ஒருவரை மூன்றாவது அலமாரிக்கும் நான்காவது அலமாரிக்கும் நடுவில் வைத்தார்கள். இப்போது அங்கே படிப்பு நன்றாக ஏறுகிறது என்று சொல்கிறார்கள். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை வந்து, புத்தகம் எதையும் தொடாமல், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

நாச்சிமுத்துவின் மனைவி பாவாயி அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறாள். நோட்டீஸை நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

"நான் அங்கெல்லாம் வந்து உக்காந்துக்கிட்டு இருக்க மாட்டேன் மாமா. எனக்கு இடுப்பு வலி. நீங்களே ஒரு சத்தம் பண்ணிருங்க."

பண்ணத் தெரியும். சவுண்டு சர்வீஸில் முப்பத்தொரு வருஷம் பெட்டி தூக்கியவன் அவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். ஆம்ப்ளிஃபயர் புகைந்தால் அதன் முதுகைத் திறந்து அவனே பார்ப்பான். எழுத்து நாற்பத்தாறு வயதில்தான் வந்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே ரெசிஸ்டர் மேலிருக்கும் வண்ணக் கோடுகள் வந்துவிட்டன. பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, மஞ்சள் நாலு. பஸ் நம்பரைக்கூட மனசுக்குள் வண்ணமாக மாற்றித்தான் ஏறுவான். பாக்கித் தொகையைப் பழுப்பு, ஆரஞ்சு, சாம்பல், நீலம் என்று படித்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பழைய ரேடியோக்களைக் கழற்றி, சாமான்களைப் பாவாயியின் அஞ்சறைப் பெட்டியில் பிரித்துப் போட்டான். கடுகு இருந்த கிண்ணத்தில் டிரான்சிஸ்டர். வெந்தயத்தில் டயோடு. சீரகத்தில் கெப்பாசிட்டர். அன்று மத்தியானம் ரசத்தில் மாநிலச் செய்திகள் கேட்டன.

பெட்டிக்குப் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக்கொண்டான். கரண்டுக்கு எதிர்வீட்டு வையாபுரி. வையாபுரி போன ஆனி மாதம் டிரான்ஸ்ஃபார்மர் ஆனார். தெருமுனையில் நிற்கிறார். சுற்றிலும் கம்பி வேலி. அவர் சம்சாரம் காலையில் வேலிக்குள் காப்பி வைத்துவிட்டுப் போவாள். கிளார்க்காக இருந்ததைவிட இப்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது என்பாள். நாச்சிமுத்து ஒயரை நீட்டிப் பன்னிரண்டு வோல்ட் கேட்டான். வையாபுரி எண்ணிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பெட்டி முதல் சத்தம் போட்டது. ம்ம்ம்ம் என்றது. தடித்த, நிதானமான சத்தம். வீட்டுக்கு ஆகிவரும் என்றாள் பாவாயி.

அலுவலகத்தில் ஏழாம் நம்பர் கவுண்டர். எஸ்தர் மேடம் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் மீட்டர் முள் ஒன்று உண்டு. ஒரே நாற்காலியில் இருபது வருஷம் இருந்தால் வரும் என்பார்கள். பெட்டி ம்ம்ம்ம் என்றதும் முள் நடுங்கி ஓரிடத்தில் நின்றது. மேடம் பதிவேட்டைப் புரட்டினார். அந்தச் சத்தம் வையாபுரி பெயரில் இருந்தது.

"உங்க எர்த் சரியில்லீங்க," என்றார். "பக்கத்து ஆள் சத்தம் மண்ணு வழியா ஏறி வருது."

திரும்பும் வழியில் வையாபுரிக்குத்தான் ரொம்பச் சங்கடமாகிவிட்டது. தனக்கு இருப்பதே இது ஒன்றுதான் என்றார். பண்டிகை நாளில் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாச்சிமுத்து வேண்டாம் என்று சொல்லி, அவர் வேலிக்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

புதன்கிழமை முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, புதிதாக எர்த் இறக்கினான். வேறு சத்தம் செய்தான். இந்தத் தடவை பெட்டியில் இரண்டு குமிழ் வைத்தான். இரண்டும் வடிகட்டிகள். ஒன்று கனத்த சத்தத்தை நிறுத்தும், மற்றது மெல்லிய சத்தத்தை நிறுத்தும். டீ வடிகட்டி தூளை நிறுத்துவதைப் போலத்தான் என்று சொன்னதும் பாவாயிக்குப் புரிந்தது. அப்படியானால் அடிக்கடி கழுவச் சொன்னாள்.

பெட்டி ங்ஙீ என்றது. எஸ்தர் மேடத்தின் முள் உடனே நின்றது. அது பதினாலாம் வார்டில் ஒரு கொசுவின் சத்தம். கொசு நாலு ஆவணங்கள் கொடுத்து முறையாகப் பதிந்திருந்தது. ஆட்சேபம் உண்டா என்று கேட்க ஆள் போனார். கொசு நேரிலேயே வந்து பதிவேட்டின்மேல் உட்கார்ந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னது.

"அதுக்கும் குடும்பம் இருக்குதுங்களே," என்றார் மேடம்.

நியாயம்தான் என்று நாச்சிமுத்துவுக்குப் பட்டது. மரியாதைக்குக் கையை நீட்டினான். கொசு இரண்டு வாய் குடித்துவிட்டுப் போனது.

வியாழக்கிழமை காலையில் சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங் ஒன்றைப் பெட்டிக்குள் இழுத்துக் கட்டினான். ஒரு முனையில் சத்தம் ஏறி, மறு முனையில் நீளமாகி இறங்கும். தட்டினால் மலைக்குள் தட்டியதுபோல இருந்தது. பெட்டியை நிறுத்தாமல் அலுவலகத்துக்குள் நுழைந்தது அவன் செய்த பிசகு. வராந்தாவும் நீண்டுவிட்டது.

நேற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்தால் வந்துவிட்ட ஏழாம் கவுண்டர் இன்று கண்ணுக்கே தெரியவில்லை. நாச்சிமுத்துவும் பாவாயியும் நடந்தார்கள். வையாபுரியின் ஒயரும் கூடவே நீண்டு வந்தது. மூன்றாம் கவுண்டர் தாண்டி ஒரு டீக்கடை வந்திருந்தது. நான்காம் கவுண்டரிலிருந்து மினி பஸ் விட்டிருந்தார்கள். ஏழாம் கவுண்டருக்கு டிக்கெட் கேட்டபோது, வண்டி ஆறு வரைக்கும்தான் போகும் என்றார் கண்டக்டர். பெட்டிக்கு அரை டிக்கெட் போட்டார். கட்டிக்கொண்டு வந்த தயிர்சோறு வழியிலேயே தீர்ந்தது. வழியில் ஒரு தடவை விடிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேடம் கேட்டார். முள் நின்றது. சத்தம் சென்னிமலைப் பக்கம் ஒரு வறண்ட கிணற்றுக்குச் சொந்தம்.

நூலகத்து ஆட்கள் இரண்டு பேர் முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தார்கள். இஞ்ச் டேப்பை எடுத்து நாச்சிமுத்துவை உயரம் அளந்தார்கள். பிறகு சுற்றளவு.

"ஒல்லியான ஆளு. ஒண்ணேகால் அலமாரிக்கு வரும்," என்றார் ஒருவர்.

"இருமல் இருக்குதுங்களா?" என்று கேட்டார் மற்றவர். "இருந்தா இப்பவே சொல்லிருங்க."

இல்லை என்று நாச்சிமுத்து சொன்னான். பாவாயி அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அவன் கவுண்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் டின்னைத் திறந்தான். ஸ்பிரிங்கைக் கழற்றினான். வராந்தா வந்த நீளத்திலேயே நின்றது. சால்டரிங் அயர்னுக்கு எஸ்தர் மேடம் தன் பிளக்கைக் கொடுத்தார். விதிப்படி கொடுக்கக் கூடாது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொடுத்தார்.

ஈயம் உருகியது. ஒவ்வொன்றாக வைத்துப் பற்றவைத்துக்கொண்டே வந்தான். ஒரே ஒரு டிரான்சிஸ்டர் பாக்கி. அப்போதுதான் கை நின்றது. முப்பத்தொரு வருஷம் தூக்கிய பெட்டிகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து அவன் இமையில் வந்து ஏறிக்கொண்டன. கண் மூடியது. அயர்ன் சாய்ந்தது. பாவாயி அதைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாளாகப் பார்த்தவள்தான். டிரான்சிஸ்டருக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கம் முகம், உருண்டைப் பக்கம் முதுகு. நாச்சிமுத்து தாளில் போட்டிருந்த படத்தில் முகம் டின்னின் சுவரைப் பார்த்து இருந்தது. பாவாயிக்கு அது ஒப்பவில்லை. எத்தனை வீட்டில் அவளை முகம் பார்க்காமல் வேலை ஏவியிருக்கிறார்கள். டிரான்சிஸ்டரைத் திருப்பி, எல்லாரையும் பார்த்து இருக்கும்படி வைத்து, பொறுமையாகப் பற்றவைத்தாள்.

நாச்சிமுத்து கண் திறந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. கழற்றி மாற்ற நேரமில்லை.

"திருப்பி வெச்சுட்டியே புள்ள."

"வந்தவங்களச் சுவத்தப் பாத்தா மாமா உக்கார வெப்பாங்க? மொகத்தப் பாத்தாத்தான் அதுவும் ஒரு வார்த்த பேசும்."

அவன் ஒயரைச் சொருகினான். இருபத்தொன்பது மணி நேர நடை தூரத்தில் வையாபுரி பன்னிரண்டு வோல்ட்டை எண்ணிவிட்டார்.

ஷ்ஷ்ஷ்ஷ் என்றது பெட்டி.

தூறல் மாதிரி இல்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நூலகத்து ஆட்கள் குடையைத் தேடினார்கள். அவ்வளவு தூரத்தில் டீக்கடைக்காரரும் பால் பாத்திரத்தை மூடினார். ஆனால் யாரும் நனையவில்லை. எஸ்தர் மேடத்தின் முள் இடம் போனது, வலம் போனது, பிறகு எல்லா இடத்திலும் நின்றது. மேடம் பதிவேட்டைப் புரட்டினார். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்தப் பக்கத்துச் சத்தம் பெட்டிக்குள் இருந்தது. வையாபுரி இருந்தார். கொசு இருந்தது. சென்னிமலைக் கிணறு இருந்தது. மேடம் நாலாம் வகுப்பில் பதிந்த தன் சொந்த விக்கலும் இருந்தது. ரொம்ப வருஷமாக அது வரவில்லையாம். அவர் முகம் லேசாகச் சிவந்தது.

"இதுல எல்லாரும் இருக்காங்க," என்றார். "எல்லாரும் இருந்தா அது உங்களுது ஆகாதுங்களே."

மணி நாலு ஐம்பத்தாறு. நூலகத்து ஆட்கள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

நாச்சிமுத்து பெட்டியின் முகத்தைப் பார்த்தான். இரண்டு வடிகட்டிக் குமிழும் முழுக்கத் திறந்திருந்தன. எல்லாரும் உள்ளே இருந்தால், ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்க்கலாம். ஒரு குமிழை மெதுவாகத் திருகினான். கொசு கிளம்பிப் போனது. மற்றதைத் திருகினான். வையாபுரி போனார், பின்னாலேயே கிணறு போனது. ரயில்களும் தறிகளும் குக்கர்களும் வரிசையாகப் போயின. கடைசியில் மேடத்தின் விக்கல் வாசலில் கொஞ்சம் நின்று, அதுவும் போனது. நடுவில் நூல் அகலத்துக்கு ஒரு சந்து மிஞ்சியது.

அங்கே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

மினி பஸ் என்ஜினை அணைத்தார்கள். பிள்ளை கரகரப்பாக அழுதது. ரொம்ப நேரமாக அழுகிற பிள்ளைக்கு வரும் கரகரப்பு.

"உங்களுது மாமா," என்றாள் பாவாயி. "அசந்து தூங்கறப்ப இந்தக் கரகரப்புத்தான் வரும். எனக்குத் தெரியாதா?"

மேடம் பதிவேட்டில் ஐம்பத்திரண்டு வருஷம் பின்னால் போனார். மாரியம்மன் பண்டிகை. காலியான கட்டம். மூலையில் மோர் பட்ட கறை. கட்டத்தின்மேல் பெட்டியை வைத்தார். முள் நேராக நின்றது. ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கு மைக் செட்டுச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்திங்க மேடம்."

மேடம் அதை அப்படியே எழுதினார். நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டான். ஐந்து அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. பாவாயி பெட்டியை எடுத்துத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொடுத்தாள். அழுகை விம்மலாகி, விம்மல் ஒரு ஏப்பமாகி நின்றது.

அந்த இடத்தில் ஓர் அமைதி விழுந்தது. புதிய, கெட்டியான அமைதி. நூலகத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு போனால் கேட்பார்கள், இதை எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். நாச்சிமுத்து தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னான். துணிப்பையில் அள்ளி வாயைக் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டரை அலமாரிக்கு வரும். அப்படியானால் பவானிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார் மற்றவர்.

பிறந்த அன்றே சத்தம் இருந்ததாக ஆகிவிட்டதால், எஸ்தர் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு ரூபாயின்மேல் ஒரு கோடு போட்டார். நாற்பது பைசா கோட்டுக்கு வெளியே நின்றது. பேனா அதன்மேல் இறங்காமல் நின்றது.

அந்த விக்கலை இன்னொரு தடவை கேட்க முடியுமா என்று மேடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நாச்சிமுத்து குமிழைத் திருகினான். மேடம் கேட்டார். சிரித்தார். நாற்பது பைசாவையும் அடித்தார்.