தட்டு உண்டு, நாற்காலி இல்லை

1

இந்தக் கதை குறும்பில் பிறந்தது, மறைப்பானேன். போன வாரம் மாடிப்படியில் பக்கத்து வீட்டு அல்தோனா என்னை மடக்கினாள்.

"எங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், எதிர்பாராம வர்ற விருந்தாளிக்குன்னு ஒரு தட்டு வைக்காம இருந்ததே இல்ல, தெரியுமா?"

அவள் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. போலந்தில், அதுவும் இந்தக் கிராக்கோவில், தட்டு வைக்காத வீடு எது? வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த நாளிலிருந்து நானும்தான் வைக்கிறேன்.

"யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"வர்றதா? யாருடி வருவா? அது சும்மா ஒரு வழக்கம்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அவள் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பிவிடுவது என்று அந்தப் படியிலேயே முடிவு செய்துவிட்டேன். பெயரைக்கூட மாற்றவில்லை. அல்தோனாவுக்குத் தமிழ் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "கொட்டும் பனியில், முதுகுப்பையோடு ஓர் அழகிய இளைஞன்..."

(அடித்துவிட்டேன். அழகிய இளைஞனுக்கு யார் வீட்டிலும் சோறு கிடைக்கும். பனியும் பொய், இந்த வருடம் வெறும் தூறல்தான்.)

இரண்டாம் தொடக்கம்: "ஊர் சுற்றுவது என்பது உண்மையில் நம்மை நாமே..."

(இது கதை இல்லை, உபதேசம்.)

மூன்றாவது: தனுத்தாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இது நிற்கட்டும்.

தனுத்தா வடக்கே எல்ப்லாங் ஊரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். வாழ்நாளெல்லாம் ஒரே தண்டவாளத்தில் போய் வந்தவள் கிராக்கோவைப் பார்த்ததே இல்லை. ஒரே பெண் நார்வேயில் இருக்கிறாள். இந்தப் பண்டிகை மாமியார் வீட்டில் என்று அவள் தொலைபேசியில் இழுத்தபோது, தனுத்தா, "நல்லதாப் போச்சுடி, நானும் கிராக்கோ போறதா இருந்தேன்" என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு திட்டம் அவளுக்கு வந்ததே அந்த வாக்கியத்தின் நடுவில்தான். தனியாக உட்கார்ந்து பண்டிகைச் சாப்பாடு சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

சொன்ன பிறகு போய்த்தானே ஆக வேண்டும்? டிசம்பர் இருபத்து நாலு என்றால் பேருந்துச் சீட்டு சல்லிசு, பொது விடுதியில் படுக்கையும் சல்லிசு. சாப்பாட்டுக்கு என்ன வழி என்று பேருந்து ஓட்டுநர் கேட்டார்.

"ஊரு பூரா வீட்டுக்கு ஒரு தட்டு காலியா இருக்கு தம்பி. எனக்கென்ன குறைச்சல்?"

3

கோட்டை, சதுக்கம், கோபுரம் எல்லாவற்றையும் அவள் காசு கொடுக்காமல் வெளியே நின்றே பார்த்தாள். அவள் நெடுநேரம் ரசித்தது எங்கள் டிராம்களைத்தான். "பிரேக் போடுறதப் பாரு, அரிசி மூட்டையத் தொப்புன்னு போட்ட மாதிரி" என்று யாருக்கோ சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டாள். கோபுரத்தில் எக்காளம் ஊதி, நடுவில் சட்டென்று நின்றது.* மதியத்துக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்துச் சாத்தின.

(* மணிக்கு ஒருமுறை ஊதுவதும் பாதியில் நிறுத்துவதும் இங்கே வழமை. அதனால் என் அறுந்த வாக்கியங்களை இந்த ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.)

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் கஞ்சப் பிசினாறியா, இல்லை துணையில்லாமல் தவிக்கிறவளா? அவளையே கேட்டேன்.

"கஞ்சம்னே எழுதிக்கம்மா. பாவம்னு மட்டும் எழுதிப்புடாத" என்றாள்.

4

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பந்தியில் உட்கார வேண்டும். இந்த மூட்டத்தில் அது எங்கே தெரியப்போகிறது? பசித்ததும் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அல்தோனா, அவள் கணவர் ஸெனோன், அவள் தம்பி லெஷெக், மூவரும் பண்டிகைக்கென்று வாங்கிய மெல்லிய அப்பத்தைப் பிட்டு வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்தார்கள். பீட்ரூட் சூப் ஆவி பறந்தது. அழைப்பு மணி அடித்தது.

"இந்நேரத்துல யாரு?" என்றார் ஸெனோன்.

"பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்திருப்பா" என்றாள் அல்தோனா.

(நான் இல்லை. நான் என் வீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

கதவுக்கு வெளியே தனுத்தா, கையில் ஊறுகாய் மீன் ஜாடியோடு நின்றாள். ராத்திரி முழுக்கப் பேருந்தையே மணக்கவைத்த ஜாடி அது.

"நான் எதிர்பாராத விருந்தாளி. வெளியூரு. வரலாமா?"

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். அல்தோனாவைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் சுதாரித்தவள் அவள்தான்.

"வாங்க, வாங்க! தட்டு ரெடியா இருக்கு!"

தட்டு இருந்தது. கரண்டி இருந்தது, மடித்த துணி இருந்தது. நாற்காலி இல்லை.

"தட்ட வச்சவ நாற்காலிய வைக்கலியாடி?" என்று ஸெனோன் பல்லைக் கடித்தார்.

"வருஷா வருஷம் நீங்களும் அதப் பாத்துக்கிட்டுத்தானே முழுங்குனீங்க?"

"மச்சான், அந்தத் தையல் மெஷின் ஸ்டூலு?" என்றான் லெஷெக்.

"நீ போன வருஷம் ஏறி நின்னு ஒடச்சியே, அதுவா?"

தட்டுக்கு எதிரே இருந்த வெற்றிடத்தைத் தனுத்தா பார்த்தாள். ஒருவரையும் இவர்கள் எதிர்பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பயணத்தில் அவளுக்கு வலித்த இடம் இதுதான். ஆனாலும் சிரித்தாள்.

"பரவால்ல, நின்னுக்கிட்டே சாப்புடுறேன். காலமெல்லாம் உக்காந்துதானே டிராம் ஓட்டுனேன்!"

5

முடிவுகள்.

அ) லெஷெக் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். (லெஷெக்கா? எனக்கு அவனைத் தெரியும்.)

ஆ) தனுத்தா ஜாடியை வைத்துவிட்டு, தூறலில் தலை குனிந்து... (எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. உடனே அவள் அதட்டல்: "பாவம்னு எழுதாதேன்னு சொன்னேன்ல?" அடித்துவிட்டேன்.)

இ) "ஒரு நிமிஷம், பக்கத்து வீட்ல வாங்கிட்டு வந்துர்றேன்" என்று அல்தோனா கதவைத் திறந்துகொண்டு...

இதுதான் நடக்கக்கூடியது. இப்படியே முடிக்கலாம். ஆனால் பக்கத்து வீடு என்றால்...

6

"அம்மா தாயே, கதை போதும். சூப் ஆறுது!" என்று என் கணவர் வித்தோல்ட் கத்துகிறார்.

எட்டிப் பார்க்கிறேன். எங்கள் மேசையிலும் தட்டு பளபளவென்று இருக்கிறது. அதன் முன்னால் நாற்காலி இல்லை. இத்தனை வருடங்களில் இன்றுதான் அது என் கண்ணில் படுகிறது. சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. வீட்டில் இருப்பதே இரண்டு. ஒன்றில் அவர், இன்னொன்றில் உட்கார்ந்து நான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அழைப்பு மணி அடிக்கிறது.

"யாராவது வரச் சொல்லியிருந்தியா?" என்கிறார் வித்தோல்ட்.

நான் யாரையும் வரச் சொல்லவில்லை. நாற்காலி கேட்டு அல்தோனா வந்திருக்கலாம். அங்கே நிற்கப் பிடிக்காமல் தனுத்தாவே ஜாடியோடு வந்திருக்கலாம். யாராக இருந்தாலும் நான் இந்த நாற்காலியிலிருந்து எழுந்தாக வேண்டும், நின்றுகொண்டு எழுத எனக்கு வராது. கதவுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். போய்த் திறங்கள், அதற்குள் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு