தலைவர் படம் மட்டும் அழியாது

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் பின்கதவைத் திறந்தால் லோங்காங். செப்டிக் டேங்க் உடைந்ததிலிருந்து அந்தக் கால்வாயில் ஓட வேண்டியது ஓடாமல் நின்றது. அப்படி நின்றது மழை பெய்தால் பொங்கிக் குளியலறை வாசல்வரை வந்தது. சாம்பல் நிறம், மேலே பாலாடை போல் ஒரு படலம், படலத்தில் நெளியும் புழுக்கள். ரிங்லெட் மலையில் மழைக்கா பஞ்சம்?

எவலின் அதையெல்லாம் ஹேண்ட்போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பார்க்க வேண்டிய படமல்ல; காட்ட வேண்டிய படம். அவள் கணவன் டொமினிக் கொழுந்து லோரி ஓட்டியவன். சர்க்கரை வியாதிக்கு ஒரு கால்விரலைக் கொடுத்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு வீட்டில் இருந்தான். குளியலறைக்குப் போக அந்தத் தண்ணீரைத்தான் தாண்ட வேண்டும். "அழுக்குத் தண்ணி பட்டுச்சுன்னா அடுத்தது பாதம்தான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கையை விரித்தார். "இப்பல்லாம் ஆன்லைன்மா. சங்கத்து வெப்சைட்ல படத்தோட புகார் போடு. அங்கேருந்து வந்தாத்தான் நான் ஆள் அனுப்ப முடியும்."

சங்கம் என்றால் தோட்டக் குடியிருப்பாளர் நலச் சங்கம். நலச் சங்கம் என்றால் அதன் தலைவர் காளியப்பன். பொன்னாடை போர்த்தாத நாளில் அவருக்குக் குளிர் தாங்காது. அதனால் அவருக்கு அடிக்கடி பாராட்டு விழா நடந்தது. வெப்சைட்டைத் திறந்தால் திரை முழுக்க அவர்தான், கைகூப்பியபடி. புகார்ப் பொத்தானைக் காண வேண்டுமென்றால் அவருடைய தலைப்பாகையில் தொடங்கி வயிறு வழியாக முழங்கால்வரை விரலால் தடவிக்கொண்டே இறங்க வேண்டும். எவலின் முகத்தைச் சுளித்துக்கொண்டே தடவினாள். படங்களை ஏற்றினாள். 'பெற்றுக்கொண்டோம்' என்று பச்சை எழுத்தில் வந்தது.

சில நாள் கழித்துப் பார்த்தாள். 'படம் இணைக்கப்படவில்லை. புகார் முடித்து வைக்கப்பட்டது.'

மறுபடி ஏற்றினாள். பச்சை எழுத்து. அடுத்த வாரம் மறுபடி அதே 'முடித்து வைக்கப்பட்டது'. இப்படியே மழைக்காலம் பாதி போனது. ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். அவளுடைய படங்கள் காணாமற்போகும் நாளிலெல்லாம் தலைவர் மேல் ஒரு புதிய பொன்னாடை இருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு புதிய பட்டமும் இருந்தது.

ரிங்லெட் டவுனில் சங்கத்து அறைக்கே போனாள். வெப்சைட்டைக் கட்டியவன் வசந்தன், தலைவருடைய அக்கா மகன். கோலாலம்பூரில் படித்தவன்.

"தம்பி, என் படம் எங்கப்பா போகுது?"

அவன் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, வெப்சைட்ட ஓட்டுற ஆப் இருக்குல்ல, நீங்க ஏத்துற படம் அது ஓடுற எடத்துலயே தற்காலிகமா உக்காருது. மாமாவுக்குப் பட்டம் வந்துச்சுன்னா நான் படத்தையும் பேரையும் மாத்தி ஆப்ப புதுசா ஏத்தணும். பழச மொத்தமா கழட்டிப் போட்டுட்டுத்தான் புதுசு வந்து உக்காரும். பழசோட உங்க படமும் போயிரும்."

"உங்க மாமா படம் போகலயே?"

"அது நான் எழுதுற புரோகிராம் கோட்லயே இருக்குக்கா. எத்தன தடவ ஏத்துனாலும் கூடவே வரும்."

"அப்ப என் கக்கூஸையும் அங்கயே வையேன், அவரு பக்கத்துல."

வசந்தன் சிரிப்பை அடக்கினான். "அது முறையில்லக்கா. கிளவுட்ல தனியா எடம் எடுக்கணும். ஜனங்க ஏத்துற படமெல்லாம் அங்க போயிரணும். இங்க அதோட விலாசம் மட்டும் இருந்தாப் போதும். அப்புறம் நான் ஆப்ப என்ன பண்ணாலும் படம் அசையாது. காசும் அதிகமில்ல. மாமாகிட்ட கேட்டுட்டேன். வேணாங்கறாரு."

அந்த மாமா அப்போது உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து, மேடையில்லாத இடத்திலும் மேடைக் குரலில் பேசினார்.

"தங்கச்சி, யோசிச்சுப் பேசணும். எங்கயோ வெளிநாட்டுல, எவனோ வச்சிருக்கிற எடத்துல, நம்ம தோட்டத்து அசிங்கத்தக் கொண்டுபோய் வைக்கிறதா? நம்ம இனத்தோட மானம் என்னாகும்?"

"மானம் தேங்கிக் கிடக்கிற வீட்டுக்கு வந்து பாருங்க தலைவரே. மூக்கப் பொத்திக்கிட்டு வாங்க."

"எல்லாம் சிஸ்டத்துல வரணும்மா. சிஸ்டத்துல வராம நான் எப்படி வர்றது?"

சிஸ்டத்தில் அவளுடைய புகார் மட்டுமல்ல, எவருடைய புகாரும் இல்லை. எல்லாம் படமின்றி முடித்து வைக்கப்பட்டவை. நிலுவைப் புகார் ஒன்றுகூட இல்லாத ஒரே சங்கம் என்று மாதக் கடைசியில் காளியப்பனுக்குத் 'தூய்மைத் திலகம்' பட்டம் கொடுத்தார்கள். கொடுத்ததும் அவருடைய சங்கம்தான். விழாப் படங்கள் அத்தனையையும் அன்று மாலையே தன் கையாலேயே வெப்சைட்டில் ஏற்றினார்: மாலை விழுவது, விழுந்த மாலையைச் சரிசெய்வது, அவரே அவரைக் கைதட்டிப் பாராட்டுவது. பிறகு, பெயருக்கு முன்னால் 'தூய்மைத் திலகம்' சேர்க்கச் சொல்லி மருமகனுக்கு உத்தரவிட்டார். வசந்தன் சேர்த்தான். ஆப் புதிதாக ஏறியது.

மாலைகள் அத்தனையும் மறைந்தன.

மறுநாள் மதியத்துக்குள் கிளவுட்டில் இடம் வாங்கப்பட்டுவிட்டது. இனத்தின் மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வசந்தன் எவலினுக்கு உடனே செய்தி அனுப்பினான்: 'அக்கா, இப்ப ஏத்துங்க.' அவள் ஏற்றினாள்.

வாங்கியதைச் சும்மா விட முடியுமா? அதற்கும் விழா. மண்டபத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். மாவட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த உஷா என்ற அதிகாரி ரிப்பனை வெட்டினார். காளியப்பன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சொந்தங்களே, இனி நம் மக்களின் ஒரு படம்கூட அழியாது. இதோ, உங்கள் கண் முன்னாலேயே என் பெயரோடு 'மின்னியல் மாமணி' பட்டம் ஏறப்போகிறது. ஏறிய பிறகும் படங்கள் அப்படியே இருக்கும். வசந்தா, போடப்பா."

வசந்தன் ஆப்பைப் புதிதாக ஏற்றினான். பெரிய திரையில் மாமணி கைகூப்பினார். கைதட்டல்.

"இப்ப கிளவுட்ல இருக்கிற படத்தக் காட்டு."

தலைவர் தன் பழைய படங்களை மறுபடி ஏற்றியிருக்கவில்லை. இன்றைய விழாவில் புதிய பொன்னாடையோடு எடுத்து ஏற்றலாம் என்று விட்டிருந்தார். ஆகவே கிளவுட்டில் இருந்தது ஒருத்தியின் படங்கள் மட்டுமே. வசந்தன் தலைவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு சுட்டியை அழுத்தினான்.

சுவர் அளவுக்கு லோங்காங் விரிந்தது. படலம் விரிந்தது. ஒவ்வொரு புழுவும் கைவிரல் பருமனில் தெரிந்தது. முன்வரிசையில் கறிபாப் கடித்துக்கொண்டிருந்த பொருளாளர் வாயை அப்படியே நிறுத்தினார். பின்வரிசையில் நின்ற எவலின் கழுத்தை நீட்டினாள். இப்போது யாராவது கேட்பார்கள். இது யார் வீடு, எங்கே என்று ஒருவராவது கேட்பார்கள்.

உஷா திரையருகே போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"குவாலிட்டி குறையவே இல்லையே. ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார். "பாகுஸ்," என்று மலாயிலும் பாராட்டினார்.

காளியப்பனுக்கு மூச்சு திரும்பி வந்தது. "ஒரு புள்ளிகூட விடாது, அம்மா. அப்படியே வச்சிருக்கும்," என்றார். அவரே முதலில் கைதட்டினார். மண்டபம் பின்தொடர்ந்தது. பொருளாளர் மீதிக் கறிபாப்பை விழுங்கினார்.

எவலின் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடையருகே போனாள். "மேடம், அது என் வீடு. எப்ப ஆள் வரும்?"

உஷா அன்பாகச் சிரித்தார். "சிஸ்டத்துல இருக்குல்லம்மா? இனி எங்கயும் போகாது." பொன்னாடையோடு படம் எடுக்க அவரை அழைத்தார்கள்.

அவள் வீட்டுக்கு வரும்போது மழை பிடித்திருந்தது. தண்ணீர் குளியலறை வாசலைத் தாண்டிச் சமையற்கட்டுக்குள் வந்திருந்தது. டொமினிக் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டின் ஓரம் நனைந்து சாம்பல் நிறமாகியிருந்தது.

"எவ்வளவு நேரம்தான் அடக்கறது? போய்ட்டு வந்துட்டேன்," என்றான். "படத்தப் பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

எவலின் குனிந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"தெளிவா இருக்காம்."